மெத்தைக்கு அடியில் இரண்டாம் பாகம்

இன்னும் பதினோரு தாள் இருக்கிறது. எண்ணிவிட்டேன். தாரணியின் மடியில் விரிந்து கிடக்கிற புத்தகத்தில் வலது பக்கம் மிச்சமிருக்கிற தாள்களை ஓரத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம், அவ்வளவு தடித்த தாள், டைல்ஸ் பெட்டியில் இடையே சொருகி வருகிற அட்டை மாதிரி. அறந்தாங்கியில் விடியற்காலை பஸ் ஏறும்போது முப்பத்திரண்டு. புதுக்கோட்டையில் பஸ் மாறி இந்த இருக்கையில் உட்கார்ந்தபோது பத்தொன்பது. இப்போது பதினொன்று. கீரனூர் வருவதற்குள் முடித்துவிடுவாள். முடித்ததும் அட்டையை மூடி, இரண்டு உள்ளங்கையாலும் ஒருமுறை தடவி, என் பக்கம் திரும்பாமலே, ப்பா, ரெண்டாம் பாகத்த எடுங்க என்பாள். இரண்டாம் பாகம் என் காலுக்கு இடையில் இருக்கிற பையில் இருக்கிறது. பையின் காதை நான் முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், யாரோ பிடுங்கிப் போய்விடுவார்கள் என்பது போல. யாராவது பிடுங்கிப் போனால்கூட நல்லதுதான். பஸ்ஸில் பை தொலைந்துவிட்டது டீச்சர், என்ன செய்யட்டும் சொல்லுங்க என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாம். இதைப் புதுக்கோட்டையிலேயே யோசித்தேன். பையை ஸ்டாண்டு பெஞ்சிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறினால் என்ன என்று. யோசித்தது மட்டுமில்லை, ஒரு நிமிஷம் விட்டும் பார்த்தேன், நாலு எட்டு நடந்தேன். தாரணி என் கையைப் பிடித்தபடியே, பை எங்கப்பா, இந்தக் கையில கனமே இல்லையே என்றாள். திரும்பிப் போய் எடுத்து வந்தேன். மறந்துட்டேன் ஆயி என்றேன். அது இன்றைக்குச் சொன்ன முதல் பொய். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அவளுடைய பாஸை எடுத்து, பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிடாமல் உள்ளங்கைக்குள் மறைத்து நீட்டினேன். அஞ்சு வருஷமாக அப்படித்தான் நீட்டுகிறேன். கை தானாகவே மடங்கிக்கொள்கிறது. அந்தக் கையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

விரல் போகிறது. வலது ஆள்காட்டி விரல் எழுத்தின் மேல் ஓட, இடது கை வரி தொடங்குகிற இடத்தில் காத்திருக்கிறது. வண்டி குலுங்கினாலும் விரல் வரியை விடுவதில்லை. எனக்கு அதில் ஒரு புள்ளிகூடத் தட்டுப்படாது. இருபது வருஷமாகச் சிமெண்டும் ஒயிட் சிமெண்டும் குழைத்து, சுவர் ஓட்டை அடைத்து, டைல்ஸ் ஒட்டிய விரல். ரேகையெல்லாம் அரித்துத் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ஆள் தெரியவில்லை என்கிறது. ஒருமுறை தாரணி என் விரலைப் பிடித்து, இது அ, இது ஆ என்று வைத்துக் காட்டினாள். மொழுமொழுவென்று இருக்கு ஆயி என்றேன். சிரித்தாள். ஒங்க விரலுக்குச் செருப்புப் போட்டிருக்குப்பா என்றாள். உதடு அசைகிறது, எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறாள். கதை ஓர் எருமையைப் பற்றியது. சிங்காரி என்று பெயர். அதன் கன்றைச் சந்தையில் விற்றுவிட்டார்கள். சிங்காரி கயிற்றை அறுத்துக்கொண்டு கன்றைத் தேடிச் சந்தைக்குப் புறப்படுகிறது. வழியில் டவுன் பஸ்ஸை மறித்து ஏறப் பார்க்கிறது. கண்டக்டர், எருமைக்கு முழு டிக்கெட்டா, லக்கேஜா என்று தலையைச் சொறிகிறார். அந்த இடத்தைப் படித்தபோது பக்கத்து அம்மாள் சிரித்துவிட்டாள். அவள் காய்கறிக் கூடையோடு ஏறியவள். பாப்பா எதப் பாத்துப் படிக்கிது, வெள்ளத் தாளால்ல இருக்கு என்று என்னிடம் கேட்டாள். தாரணியே, இது புள்ளி எழுத்துங்க, விரலாலதான் படிக்கணும், தொட்டுப் பாக்குறீங்களா என்றாள். அம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்து, மணல் மாதிரி இருக்கு என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒங்க மகளா என்றாள். ஆமா என்றேன். அந்த ஆமா எவ்வளவு சுலபமாக வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், இனிமேல் பார்க்கவே போகாத ஒருத்தியிடம், எவ்வளவு சுலபம்.

அமலோற்பவம் டீச்சர் சொல்லித்தான் கொடுத்தார்கள். பள்ளிக்கூட நூலகம் அவர்கள் பொறுப்பு, அவர்களுக்கும் பார்வை கிடையாது. காலாண்டு லீவுக்குத் தாரணியைக் கூட்டிப்போக வந்த அன்றைக்கு இரண்டு பாகத்தையும் என் கையில் வைத்து, அப்பா, இதப் படுக்கப் போடாதீங்க, நிமித்தி வைங்க, மேல பாரம் ஏத்திடாதீங்க, புள்ளி அமுங்கிடுச்சுன்னா அது வெறும் காகிதம் என்றார்கள். பாடப்புத்தகம் நிறைய வருது, கதைப் புத்தகம் எங்ககிட்ட ஒரே ஒரு அலமாரிதான், இந்தக் கதை ஒரே பிரதி, தாரணிக்கு அப்பறம் அஞ்சு பிள்ளைங்க பேர் கொடுத்திருக்காங்க என்றார்கள். அந்த அஞ்சில் முதல் பேர் ஸ்டெல்லா. விடுதியில் தாரணியின் பக்கத்துக் கட்டில். ஸ்டெல்லா ரெண்டு தடவ கேட்டாப்பா, சீக்கிரம் முடிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன் என்றாள் தாரணி. கண்ணுள்ள பிள்ளைகளுக்கு இதே கதை என் சுண்டுவிரல் கனத்தில் ஒரு குட்டிப் புத்தகமாம். இவர்களுக்கு அது இரண்டு பாகம், ஒவ்வொன்றும் ஒரு டைல்ஸ் பெட்டி அகலம். எங்கே வைத்தாலும் தெரிகிற புத்தகம். எங்கேயும் ஒளிக்க முடியாத புத்தகம். ஒன்பது தாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கும் அவள் அக்கா கௌசிகாவுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், அதற்கு மேல் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வார்கள், இவள் படிக்க, பெரியவள் கேட்க. கல்லூரி முடித்த பெண், எருமைக்கதைக்கு அப்படிச் சிரிப்பாள். வியாழக்கிழமையோடு அது நின்றுபோனது. வியாழக்கிழமைதான் திருமயத்திலிருந்து கௌசிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் முத்துக்கருப்பண்ணன் முந்தின நாளே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டு, அடைக்கலம், சின்னப் புள்ள விஷயத்த எடுத்த எடுப்புல சொல்ல வேணாம், ரெத்தத்துல வர்றதோன்னு யோசிப்பாக, மொதல்ல பெரிய புள்ளயப் பிடிக்கட்டும், அப்பறம் பதமாச் சொல்லிக்கலாம் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தாரணிக்கு நாலு வயசில் காய்ச்சல் வந்து பார்வை போனது, ரத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சரிண்ணே என்றேன். கௌசிகா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போல. அவர் போனதும் வந்து, எதுக்குப்பா மறைக்கணும், நானே அவுககிட்ட சொல்லிருவேன் என்றாள். ஒனக்காகத்தானடி செய்யிறேன் என்று கத்தினேன். அவள் அம்மா வளர்மதி எழுந்து அரிசி களையப் போனாள். வளர்மதி எதுவும் சொல்லாதபோதுதான் எனக்குப் பயம்.

மறுநாள் மத்தியானம் தாரணியைப் பக்கத்து வீட்டு ரகமத் அக்காவிடம் கொண்டுபோய் விட்டேன். கூட்டமா இருக்கும், சத்தமா இருக்கும், இங்க ஒக்காந்து நிம்மதியாப் படி ஆயி. சரிப்பா என்றாள். முதல் பாகத்தை எடுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து அந்த வாசலில் விட்டபோது, ப்பா, மாப்ள எப்படி இருக்காருன்னு அப்பறம் அக்காவ எனக்குச் சொல்லச் சொல்லுங்க என்றாள். வீட்டுக்குத் திரும்பி வந்து, அவளுடையது என்று தெரிகிற எல்லாவற்றையும் பொறுக்கினேன். மடக்குக் கம்பு பீரோவுக்கு மேலே. புள்ளி குத்தி எழுதுகிற பலகையும் ஊசியும் அரிசி டின்னுக்குள். பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆணி மட்டும் நின்றது, அதில் காலண்டரை மாட்டினேன். பார்த்துப் பார்த்துச் செய்தேன், லெவல் பார்த்து டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி ஓர் இடம் விடாமல். புத்தகம் ஒன்றுதான் எங்கேயும் அடங்கவில்லை. பீரோவில் நுழையவில்லை. கட்டிலுக்கு அடியில் தெரியும். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம். மெத்தையைத் தூக்கி, இரண்டாம் பாகத்தைக் கட்டில் பலகை மேல் போட்டு மூடினேன். டீச்சர் சொன்னது ஞாபகம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது பொய். வந்தது. அந்தக் குரலிலேயே வந்தது. ரெண்டு மணி நேரந்தானே என்று நினைத்தேன். நாற்காலி நாலுதான் இருந்தது, பெண்கள் எல்லாம் கட்டிலில் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளையின் அம்மா, சித்தி, அத்தை, இன்னும் இரண்டு பேர். அஞ்சு பேர். கேசரியும் காப்பியும் சாப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள் மாதிரிதான் தெரிந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, டைல்ஸெல்லாம் நீங்களே போட்டதா, கண்ணாடி மாதிரி இருக்கு என்றார்கள். பிறகு, ஒங்களுக்கு ஒரே பொண்ணா என்றார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். வளர்மதி தரையைப் பார்த்தாள். கௌசிகா என்னைப் பார்த்தாள். நான், ஆமா என்றேன். நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ரகமத் அக்கா வீட்டுக் கூடம், ஜன்னல் திறந்திருந்தது. கேட்டிருக்குமா. அவள் காதுக்கு எது கேட்காது. கேட்டிருந்தால் இந்த நாலு நாளில் முகத்தில் தெரிந்திருக்காதா. தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். ஆறு தாள்.

அவர்கள் போனதும் எடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஞாபகமாகத் திரும்ப வைத்தேன், போட்டோ, கம்பு, ஊசி, பலகை, இதை மறந்துவிட்டேன். மனசு முழுக்க அவுகளுக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையா என்றே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ராத்திரி நானே அதன் மேல் படுத்திருக்கிறேன். நன்றாகத் தூங்கினேன். சனிக்கிழமை வளர்மதி மெத்தையை வெயிலில் போடத் தூக்கியபோதுதான் தெரிந்தது. அட்டை வளைந்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. வளர்மதி ஒரு வார்த்தைதான் சொன்னாள். இதுக்கு மேலயா ஒக்காரச் சொன்னீங்க. கொல்லைக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குப் புள்ளிகள் நின்றிருந்தன, நடுவெல்லாம் மொட்டை. எதுவும் எழுதாத தாள் மாதிரி. அப்போதாவது தாரணியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஓர் ஆணியைத் தேய்த்து முனை மழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அமுங்கிய புள்ளியைப் பின்பக்கத்திலிருந்து தள்ளிவிட்டால் நிமிர்ந்துவிடும் என்று பார்த்தேன். தாளின் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துப் புள்ளி எது, அந்தப் பக்கத்துப் புள்ளி எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் குத்தினேன். சிலது நிமிர்ந்தது, சிலது ஓட்டையாகப் போனது. அஞ்சு வருஷமாகப் பிள்ளை படிக்கிற எழுத்து. ஓர் எழுத்துகூடத் தெரியாது எனக்கு. ஒரு பக்கம் முழுக்கக் குத்தி முடித்து, கண்ணை மூடிக்கொண்டு என் விரலால் தடவிப் பார்த்தேன். ஏதோ சொரசொரவென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று கொஞ்ச நேரம் நம்பவும் நம்பினேன்.

போன் அடிக்கிறது. சட்டைப் பையில் கிடந்து அதிர்கிறது. முத்துக்கருப்பண்ணன். எடுக்காமல் விட்டால் தாரணி, யாருப்பா, எடுங்க என்பாள். எடுத்தேன். அடைக்கலம், வாயில சக்கரையப் போடு, அவுகளுக்குப் பிடிச்சிருச்சு, வர்ற ஞாயித்துக்கெழம பூ வைக்க வர்றேங்குறாக என்று அவர் காது கிழியப் பேசுகிறார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரிண்ணே. அந்தச் சின்னப் புள்ள விஷயம் பூ வச்சதுக்கு அப்பறம் நான் பாத்துக்கறேன், நீ வாயத் தொறக்காத என்கிறார். சரிண்ணே, பஸ்ஸுல இருக்கேன், அப்பறம் பேசுறேன். வைத்துவிட்டேன். விரல் நின்றிருக்கிறது. யாருப்பா. வேலை விஷயம் ஆயி, மேஸ்திரி கூப்பிட்டாரு. விரல் இன்னும் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு போனது. மூன்று தாள். எனக்கு வந்த செய்தி நல்ல செய்தி. பெரியவளுக்குக் கல்யாணம் கூடி வருகிறது, இதைப் பக்கத்தில் இருக்கிற என் சொந்த மகளிடம் சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அது வசதி. வசதி என்று நினைத்தேன். நினைத்ததும் பக்கத்து அம்மாள் என்னைப் பார்த்தாள், வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன். அவள் கூடையை எடுக்கத்தான் குனிந்தாள். கீரனூர். அம்மாள் இறங்கிப் போகும்போது தாரணியின் தலையைத் தொட்டு, கன்னு கெடைச்சிருமா பாப்பா என்று கேட்டாள். ரெண்டாம் பாகத்துலதான் தெரியுங்க என்றாள் தாரணி.

முடித்துவிட்டாள். கடைசித் தாளை எனக்காகவே சத்தமாகப் படித்தாள். சந்தையில் ஆயிரம் மாடு. சிங்காரி நடுவில் நின்றுகொண்டு ஒரே ஒருமுறை குரல் கொடுத்தாள். அத்தனை இரைச்சலையும் தாண்டி, எங்கேயோ தூரத்திலிருந்து, மெலிசாக ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான், முதல் பாகம் முற்றும். அதிலேயே ஒருமுறை விரலை ஓட்டிவிட்டு அட்டையை மூடினாள். இரண்டு உள்ளங்கையாலும் தடவினாள். ப்பா, ரெண்டாம் பாகத்த எடுங்க. திருச்சி வரட்டும் ஆயி, வண்டி குலுங்குது. இவ்வளவு நேரமும் குலுங்கத்தான செஞ்சுச்சு, எடுங்கப்பா. குனிந்து எடுத்தேன். மடியில் வைத்தேன். அட்டையில் கை வைத்ததுமே அவள் முகம் மாறிவிட்டது, அட்டையின் பள்ளத்தில் உள்ளங்கை இறங்கி நின்றது. எதுவும் கேட்காமல் முதல் தாளைத் திறந்தாள். நான் ஆணியால் குத்திய பக்கம். விரல் போனது, நின்றது, திரும்பி வரி ஆரம்பத்துக்கு வந்தது, மறுபடி போனது. வெயிலில் வழி தெரியாமல் சுற்றுகிற எறும்பைப் போல அந்த விரல் அலைந்ததை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். க, ட, என்று ஆரம்பித்தாள். இது எழுத்தே இல்லையேப்பா, யாரோ ஓட்ட போட்டு வச்சிருக்காங்க. தாளைப் புரட்டினாள். அடுத்தது. அடுத்தது. ஓரத்தில் மட்டும் விரல் பிடித்துக்கொண்டது. சிங்காரி, என்று படித்தாள். அப்பறம் ஒன்னும் இல்ல. அப்பறம், கயிறு. அப்பறம் ஒன்னும் இல்ல. நடுவுல எல்லாம் போயிருச்சு. அழவில்லை. மழையில நனஞ்சிருச்சா என்றாள். எனக்கு வழி திறந்துவிட்டாள், ஆமா என்ற ஒரு வார்த்தை போதும், வாயில் வந்து நிற்கிறது, பழகிப்போன ஆமா. இல்ல ஆயி என்றேன். நாந்தான். மெத்தைக்கு அடியில வச்சேன். எதுக்குப்பா. அக்காவப் பாக்க வந்தாகள்ல, அன்னைக்கு. அவுக கட்டில்ல ஒக்காந்தாக. தாரணி முகத்தை என் பக்கம் திருப்பினாள். எத்தன பேரு. அஞ்சு பேரு. அப்பறம் நானும் அம்மாவும் படுத்துட்டோம், ரெண்டு நாளு. ஓட்ட போட்டது யாரு. அதுவும் நாந்தான், சரி பண்ணப் பாத்தேன். ம் என்றாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். புத்தகத்துக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. அலமாரியில வச்சிருந்தா அவங்க பாத்துருவாங்கன்னா என்றாள். ஆமா. என் கம்பையும் ஊசியையும் அன்னைக்கு எடுத்து வச்சீங்களா, மறுநாள் அரிசி வாசம் அடிச்சுச்சு என் ஊசில. ஆமா ஆயி. என்னப் பத்திக் கேட்டாங்களா. பஸ்ஸில் யாரோ ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள், எல்லாச் சத்தமும் ஒரு நொடி அடங்கிப் போனது. ஒரே பொண்ணான்னு கேட்டாக, ஆமான்னு சொல்லிட்டேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையைப் பார்த்தேன். கை, அமுங்கிப்போன தாளின் மேல் அப்படியே விரிந்து கிடந்தது. அழுதால்கூடத் தாங்கியிருப்பேன். அப்ப அக்கா கல்யாணத்துக்கு நான் வரணுமா, வேணாமா என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. லீவு கேட்டு எழுதித் தரணும், அதனால் தெரிஞ்சுக்கிடணும் என்கிற மாதிரி கேட்டாள். வராம என்ன ஆயி என்றேன். அன்னைக்கும் ரகமத் அத்த வீட்டுலதான் இருக்கணும்னா இப்பவே சொல்லிருங்கப்பா, நான் ஸ்டெல்லா ஊருக்குப் போயிருவேன், அவங்க வீட்டுல கூப்புடுறாங்க. பத்து வயசுப் பிள்ளை. என்னை எதில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்திவிட்டாள். தெரிந்துதான் நிறுத்தினாளோ.

போனை எடுத்தேன். விரல் திரையில் பிடிபடவில்லை, செருப்புப் போட்ட விரல், மூன்றாவது தடவைதான் அழைப்பு போனது. அண்ணே, அடைக்கலம் பேசுறேன். எனக்கு ரெண்டு பொண்ணு, சின்னவளுக்குக் காய்ச்சல்ல பார்வ போயிருச்சு, அவுககிட்ட இப்பவே சொல்லிருங்க, அப்பறமா வர்றதுன்னா வரட்டும். பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். முத்துக்கருப்பண்ணன், ஏம்ப்பா, கூடி வர்ற நேரத்துல மண்ண அள்ளிப் போடுறியே, ஏழு நாள் பொறுக்க முடியாதா என்றார். சொல்லிருங்கண்ணே என்றேன். வைத்தேன். தாரணியிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் எதிர்பார்த்தேன். என் கையில் அவள் கையை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு போன் பண்ணிவிட்டு அதற்குள் கூலி கேட்கிற மனசு. மாத்தூர் தாண்டி, டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றபோது திரும்ப அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. சொன்னேன்ப்பா. மாப்ள அம்மாதான் பேசுனாக. காய்ச்சல்ல போனதுக்குப் புள்ள என்ன செய்யும், அதுல எங்களுக்கு ஒன்னுமில்ல, ஆனா பெத்த புள்ளய இல்லேன்னு சொல்றவரு நாளைக்கு எதத்தான் இல்லேன்னு சொல்ல மாட்டாரு, யோசிச்சுட்டுச் சொல்றோம்னுட்டாக. நான் நன்றிண்ணே என்றேன், எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை. தாரணிக்குப் பார்வை இல்லாததில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றுமில்லையாம். அலமாரியில் புத்தகம் நிமிர்ந்து நின்றிருந்தால் எடுத்துத் தடவிப் பார்த்திருப்பார்களோ என்னவோ. கௌசிகாவிடம் சாயங்காலம் போய் இதைச் சொல்ல வேண்டும். உன் கல்யாணத்தைக் கெடுத்தது உன் தங்கச்சி இல்லை, நான் என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணியடிக்குமுன் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நூலக வாசலில் தாரணி என் கையை விட்டுவிட்டு, டீச்சர்ட்ட நீங்களே சொல்லுங்கப்பா, நான் சொன்னா நான் ஒழுங்கா வச்சுக்கலன்னு நினைப்பாங்க என்றாள். அமலோற்பவம் டீச்சர் ஜன்னலோரம் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். இரண்டு பாகத்தையும் அவர்கள் முன்னால் நிமிர்த்தி வைத்தேன். இரண்டாவது நிற்கவில்லை, வளைந்து சரிந்தது. எடுத்துப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு தாள் ஒவ்வொன்றாகத் தடவினார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓரம் நல்லா இருக்கு, நடுவுலதான் போச்சு என்றார்கள். அச்சுப் புத்தகம் ஒன்னு இருக்கு, கண்ணு தெரிஞ்சவங்க யாராவது உக்காந்து வாசிச்சா நான் திரும்பக் குத்திடுவேன், மாசக்கணக்காகும், அதுவரைக்கும் பிள்ளைங்க காத்திருக்கணும் என்றார்கள். நான் வாசிக்கிறேன் டீச்சர், எட்டாவதுதான் படிச்சேன், எழுத்துக் கூட்டித்தான் வரும் என்றேன். எனக்கும் மெதுவாத்தான் குத்த வரும், சனிக்கிழம வாங்க என்றார்கள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்கள். பழுதான புத்தகம் எல்லாத்தையும் இதுல எழுதணும், எப்படி ஆச்சுன்னு ஒரு வரி. நோட்டின் தாளைப் பலகையில் மாட்டி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, பயணத்துல நசுங்கிடுச்சுன்னு போட்டுடட்டுமாப்பா, அப்படி நிறைய வரும், ஒன்னும் தப்பில்ல என்றார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். வாசலில் தாரணி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள், காது மட்டும் எங்கள் பக்கம். பயணம்தான், அதுவும் உண்மைதானே, மூணு மணி நேரப் பயணம் என்று உள்ளே ஏதோ சொன்னது.

இல்லைங்க டீச்சர் என்றேன். வீட்டுக்கு ஆளுக வந்தாக. இப்படி ஒரு புள்ள எனக்கு இருக்குன்னு அவுகளுக்குத் தெரிய வேணாம்னு மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சேன். அப்படியே போடுங்க. ஊசி கையிலேயே நின்றது. டீச்சர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு குத்த ஆரம்பித்தார்கள். டக், டக், டக் என்று வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை யாரும் இப்படி ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் இறக்கியதில்லை. இந்த நோட்ட யாரு பாப்பாக டீச்சர் என்று கேட்டேன். யார் வேணா பாப்பாங்க, பிள்ளைங்க நோட்டுதான் என்றார்கள். ஸ்டெல்லா படிப்பாள். அந்த அஞ்சு பேரும் படிப்பார்கள், இனி வருகிற பிள்ளைகளும் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவன் இந்த அறையில் நான் ஒருவன்தான். டீச்சர் தாளைக் கழற்றித் திருப்பி, தாரணி, சரியா இருக்கான்னு பாரும்மா என்று நீட்டினார்கள். தாரணி வந்தாள். நின்றுகொண்டே மேஜையில் வைத்துப் படித்தாள், இந்த முறை உதடு அசையவில்லை. விரல் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் ஓர் இடத்தில் நின்றது. அந்த இடத்தை மறுபடி தடவியது. பிறகு இன்னொருமுறை. அது எந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தைரியமும் வரவில்லை.

சரியாத்தான் இருக்கு டீச்சர் என்றாள்.